டிரம்மா, ஆஃப்செட்டா, பெட்டியா? ஸ்மோக்கர் செய்யப் போகிற மாப்பிள்ளைக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவிலிருந்து மனைவியின் தம்பி போன் செய்தான்.

"மச்சான், நானும் ஒரு ஸ்மோக்கர் செய்யப் போறேன். வெல்டிங் மெஷின் வாங்கியாச்சு."

"சரி மாப்ளே, என்ன டிசைன்?"

"ஆஃப்செட்தான். பெருசா, டிரெய்லர்ல ஏத்துற மாதிரி."

"எத்தனை பேருக்குச் சமைக்கப் போறே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நாங்க நாலு பேரு. எப்பவாவது ஃபிரெண்ட்ஸ் வருவாங்க."

முதலில் மெஷினை வாங்கிவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று அப்புறம் யோசிப்பது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான வியாதி. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் என் வீட்டுக் கொல்லையில் ஒன்பது வருடத்தில் இரண்டு ஸ்மோக்கர் செய்து நிறுத்தியிருக்கிறேன். மூன்றாவதை நண்பர் ஒருவரின் கராஜில் அவரோடு சேர்ந்து செய்தேன். போனில் அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற வேறு யாருக்காவது பயன்பட்டால் நல்லது.

ஸ்மோக்கர் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். கிரில்லில் சூடு அதிகம், நேரம் குறைவு. ஸ்மோக்கர் அதற்கு நேர்மாறு: 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில், விறகுப் புகையில், மணிக்கணக்காக வேக வைப்பது. (இங்கே எல்லோரும் 225, 275 என்று ஃபாரன்ஹீட்டில்தான் பேசுவார்கள். எனக்கு இன்னும் செல்சியஸில்தான் சூடு சுடுகிறது.) மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் ஆறு கிலோ இருந்தால் பத்து முதல் பதினான்கு மணி நேரம் பிடிக்கும். அது நன்றாக உழைத்த தசை. அதிலுள்ள கொலாஜன் என்ற கெட்டி நார் மெதுவாக உருகி ஜெலட்டின் ஆனால்தான் பல்லுக்கு இளகும். ஆட்டுத் தொடைக்கு நான்கைந்து மணி நேரம், முழுக் கோழிக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும்.

நடுவில் ஒரு கண்டம் வேறு உண்டு. கறியின் உள்சூடு 65, 70 டிகிரிக்கு வந்ததும் ஏறாமல் அப்படியே நின்றுவிடும். இரண்டு மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம்கூட நிற்கும். வியர்வை காயும்போது உடம்பு குளிர்வதுபோல, கறியின் மேலுள்ள ஈரம் ஆவியாகி அதைக் குளிரவைக்கிறது. இதற்கு இங்கே ஸ்டால் என்று பெயர். புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் பதறிப்போய் நெருப்பை ஏற்றிக் கெடுத்துக்கொள்வார்கள்.

அதனால் மாப்பிள்ளையிடம் நான் முதலில் கேட்டது குழாயின் விட்டத்தையோ தகட்டின் தடிமனையோ அல்ல. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் நெருப்புக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது? மதியச் சாப்பாட்டுக்குக் கறி வேண்டுமென்றால் முந்தின நாள் இரவே பற்றவைத்தாக வேண்டும். டிரம், ஆஃப்செட், காப்பிட்ட பெட்டி என்ற மூன்று டிசைனுக்கும் இந்தக் கேள்விக்கான பதில் வேறு வேறு.

டிரம்

55 கேலன் டிரம் என்று இங்கே சொல்வது நம் ஊரின் 200 லிட்டர் எண்ணெய் டிரம்தான். இதற்கு ஒரு பழங்கதை உண்டு. இன்று உலகம் முழுக்க உருளும் இந்த எஃகு டிரம்முக்கு 1905-இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி வேர்ஹான். அவர் வேலை பார்த்தது நெல்லி பிளையின் தொழிற்சாலையில். ஆமாம், எழுபத்திரண்டு நாளில் உலகத்தைச் சுற்றி வந்த அதே பத்திரிகையாளர்தான். கணவர் இறந்தபின் அந்த இரும்புக் கம்பெனியை அவரே நடத்திக்கொண்டிருந்தார்.

இதில் செய்யும் ஸ்மோக்கருக்கு இங்கே வழங்கும் பெயர் அக்லி டிரம், அவலட்சண டிரம். பெயருக்கு ஏற்ற மூஞ்சிதான். ஆனால் வெல்டிங் ஒரு பொட்டுகூட இல்லாமல் ஒரு சனிக்கிழமையில் முடிக்கலாம்.

மூடி தனியாகக் கழன்று வரும் டிரம்மாகப் பார்த்து வாங்க வேண்டும். அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், சுற்றிலும் சம இடைவெளியில் மூன்று துளை. ஒவ்வொன்றிலும் முக்கால் அங்குலக் குழாய்த் துண்டை நட்டு வைத்து முடுக்கிவிட வேண்டும். இரண்டுக்குச் சும்மா மூடி போதும், ஒன்றுக்கு மட்டும் பால் வால்வு, அதாவது கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் குழாய் அடைப்பான். காற்று உள்ளே வருவது இந்த மூன்று வழியாகத்தான், சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் இங்கேதான். புகை வெளியே போக மேல்மூடியில் இருக்கும் இரண்டு அங்குல பங் துளையை, அதாவது சரக்கு ஊற்றும் வாயை, திறந்துவிட்டால் போதும், அது இல்லாவிட்டால் அரை அங்குலத் துளை எட்டுப் போடலாம். உள்ளே எக்ஸ்பாண்டட் மெட்டல் என்ற கண் கண்ணான வலைத்தகட்டை வளைத்துக் கட்டிய கரிக்கூடை, பதினாறு அங்குல விட்டம், பத்து அங்குல உயரம். கூடைக்கு அடியில் சாம்பல் விழ மூன்று அங்குல இடம். கூடையின் அடியிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் நான்கு போல்ட், அந்த போல்ட்டின் மேல் கம்பி வலை. கடையில் விற்கும் 22 அங்குலக் கெட்டில் கிரில்லின் வலை இந்த டிரம்முக்குள் அச்சில் வார்த்ததுபோல உட்காரும். வலையைத் தனியாகச் செய்கிற வேலை மிச்சம்.

கரியை நிரப்புவதிலும் ஒரு வித்தை உண்டு. கூடை நிறையப் பற்றாத பிரிக்கெட் கரி, அதாவது தூளை அச்சில் அழுத்திய கரிக்கட்டி. நடுவில் குழி பறித்து அதில் மட்டும் பதினைந்து இருபது கங்கு. நெருப்பு உள்ளிருந்து வெளியே மெதுவாகப் பரவும். ஜிம் மினியன் என்பவர் பரப்பியதால் மினியன் முறை என்கிறார்கள். கரிக்கு நடுவே உள்ளங்கை அளவு விறகுக் கட்டை நான்கைந்து செருகிவிட்டால் புகைக்கும் வழி ஆயிற்று. இரவு பதினொரு மணிக்குப் பற்றவைத்து, 120 டிகிரியில் நின்றதும் கறியை ஏற்றிவிட்டு நான் தூங்கப் போய்விடுவேன். காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால் 115-இல் நிற்கும். கூடையில் பாதிக் கரி மிச்சமிருக்கும்.

சுவையும் தனி. கறிக்கு நேர் கீழே கங்கு இருப்பதால் கொழுப்பு சொட்டுச் சொட்டாக அதன் மேல் விழுந்து பொசுங்கி, அந்தப் புகையும் மேலே வந்து கறியில் ஏறும். கோழிக்கும் ஆட்டுத் தொடைக்கும் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பது என் முடிவு. நாட்டுக்கோழியை அடுப்புத் தணலில் வாட்டும்போது வருமே ஒரு வாசனை, அதற்குப் பக்கத்தில் வரும்.

குறை இல்லாமல் இல்லை. மூடியைத் திறந்தால் காற்று குபுக்கென்று உள்ளே போய்க் கங்கு சீறும். ஒரு தீபாவளி விருந்தில் மூடியைப் பாதி சாய்த்து வைத்துவிட்டு வந்தவர்களிடம் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நாலு கோழியும் தீபாவளி கொண்டாடிக்கொண்டிருந்தன. நடுவில் கரி தீர்ந்தால் கறி, வலை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துத்தான் போட முடியும். தகடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், அதனால் குளிர்காலத்து வாடைக்காற்று அடித்தால் சூடு இறங்கும். ஹூஸ்டன் மழைக்கு அடிப்பாகம் துருப்பிடிக்கும், என் முதல் டிரம் ஐந்தாம் வருடம் அடியில் ஓட்டை விட்டது. கரிக்கூடை, வால்வு, வலை எல்லாவற்றையும் கழற்றிப் புது டிரம்மில் மாட்டினேன், இரண்டு மணி நேர வேலை.

டிரம்மில் உண்மையான ஆபத்து ஒன்றுதான். வாங்கும்போது உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். செம்மண் நிறத்திலோ மஞ்சள் கலந்த பழுப்பிலோ வழவழப்பாகப் பூச்சு தெரிந்தால் அது எபாக்ஸி அல்லது ஃபீனாலிக் லைனிங். சரக்கு இரும்பில் படாமல் இருக்க அடித்தது. லேசில் எரியாது, எரிந்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். விறகு குவித்துக் கொழுந்துவிட எரித்து, அப்புறம் கம்பிச் சக்கரத்தால் இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும், அந்தப் புகையையும் தூளையும் நாம்தான் சுவாசிக்க வேண்டும். பூச்சு இல்லாத, சமையல் எண்ணெயோ தேனோ பழச்சாறோ வந்த டிரம் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு? இன்னொன்று, கரைப்பான், பெட்ரோலிய எண்ணெய் வந்த டிரம்மில் ஆவி தங்கியிருக்கும். கிரைண்டரின் ஒரு பொறி போதும், மூடி ஆளை அடித்துவிடும். முன்னால் என்ன இருந்தது என்று தெரியாத டிரம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆஃப்செட்

மாப்பிள்ளையின் கனவு இதுதான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. டெக்சஸில் பத்து வருடம் குப்பை கொட்டினால் யாருக்கும் இந்த ஆசை வரும்.

ஆஸ்டினுக்குத் தெற்கே லாக்ஹார்ட் என்று சின்ன ஊர். 1999-இல் டெக்சஸ் சட்டமன்றம் அதைப் பார்பிக்யூ தலைநகர் என்று அறிவித்தது. அங்கேயும் சுற்றுப்பட்டிலும் கறிக்கடை வைத்த ஜெர்மன், செக் குடியேறிகள், விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையிட்டு விற்றதில் வளர்ந்தது இந்தப் பாணி. பழைய கடைகளில் செங்கல் குழிகள், ஒரு முனையில் நெருப்பு, மறுமுனையில் புகைபோக்கி. அதே ஏற்பாட்டை எஃகில் செய்தால் ஆஃப்செட். கறி வைக்கும் உருளை ஒன்று, அதன் ஒரு பக்கத்தில் சற்றுத் தாழ்வாக நெருப்புப் பெட்டி, எதிர் முனையில் புகைபோக்கி. நெருப்பும் கறியும் ஒன்றையொன்று பார்க்காது, நடுவே சூடும் புகையும் மட்டும் போகும். எண்ணெய் வயல்களின் தடித்த குழாய்த் துண்டுகள் ஹூஸ்டன் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும், வெல்டிங் தெரிந்தவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. இன்று பெயர் பெற்ற ஆஸ்டின் கடைகள் சிலவற்றில் ஆயிரம் கேலன் புரோப்பேன் டாங்கியையே உருளையாக வைத்திருக்கிறார்கள்.

என்னுடையது 24 அங்குலக் குழாய், நான்கு அடி நீளம், கால் அங்குலத் தடிமன். குழாய் மட்டுமே 115 கிலோ. இரண்டு பக்க மூடியும் இருபது அங்குலச் சதுர நெருப்புப் பெட்டியும் காலும் புகைபோக்கியும் சேர்ந்தபோது கால் டன்னைத் தாண்டிவிட்டது. நெருப்புப் பெட்டியின் கொள்ளளவு கறி உருளையில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. என் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. நெருப்புப் பெட்டி சின்னதாகிப் போனால் விறகு மூச்சுத் திணறி வெள்ளைப் புகை கக்கும், கறி தார் கசப்பு அடிக்கும்.

எடையைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்தக் கனமான இரும்புதான் ஆஃப்செட்டின் உயிர். ஒருமுறை சூடேறிவிட்டால், கதவைத் திறந்து மூடினாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் பழைய சூட்டுக்குத் திரும்பும். ஆனால் அதற்காகவே வேலை கூடுகிறது. சாதாரண வீட்டு பிளக்கில் ஓடும் 120 வோல்ட் மெஷின், அதாவது மாப்பிள்ளை வாங்கி வைத்திருப்பது, மூன்று பதினாறில் ஒரு அங்குலம் வரைதான் உருப்படியாகப் பிடிக்கும். கால் அங்குலத்துக்கு 240 வோல்ட் இணைப்பும் நல்ல மெஷினும் வேண்டும். கராஜில் எலெக்ட்ரீஷியன் வந்து புது லைன் இழுத்த செலவை நான் ஸ்மோக்கர் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் கேட்டால் அது கார் சார்ஜருக்கு.

கதவு வெட்டிய நாளைச் சொல்லியே ஆக வேண்டும். குழாயில் கோடு போட்டு, கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டி நான்கு பக்கமும் அறுத்தால் கதவு ஆயிற்று என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியவர், எண்ணெய்க் கம்பெனியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலியோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "கீலை முதலில் வை" என்றார். எனக்குப் புரியவில்லை. குழாயைத் தொழிற்சாலையில் வளைத்துச் செய்யும்போது அதற்குள் ஒரு முறுக்கம் தங்கிவிடுகிறது. ஒரு பக்கத்தை அறுத்ததும் அது விடுபட்டு, தகடு வெளியே விரியும். முழுக்க அறுத்துக் கழற்றிவிட்டால் அந்தக் கதவு அந்த வாய்க்கு மறுபடி உட்காரவே உட்காராது. ஆகவே கீல் வரும் பக்கத்தை மட்டும் முதலில் அறுத்து, கீலை அங்கேயே வெல்டு வைத்து, கதவின் வளைவை நிலைநிறுத்த ஒரு பட்டைக் கம்பியைக் குறுக்கே பிடித்துவிட்டு, அப்புறம்தான் மற்ற மூன்று பக்கமும். அப்படிச் செய்தும் கடைசி அறுப்பு முடிந்த நொடியில் 'டங்' என்று ஒரு சத்தம், ஒரு மூலை அரை விரல்கடை மேலே எழும்பி நின்றது. பெரியவர் சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார். அந்த மூலையில் இன்றைக்கும் கொஞ்சம் புகை கசியும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? விறகு நெருப்பு. டிரம்மில் எரிவது கரி, விறகு சும்மா தாளிப்பு. ஆஃப்செட்டில் எரிவது முழுக்க விறகு. மத்திய டெக்சஸில் போஸ்ட் ஓக் என்ற ஓக் மரம், வெட்டி ஒரு வருடம் காயவைத்தது. நல்ல காற்றோட்டத்தில் கொழுந்துவிட்டு எரியும்போது புகைபோக்கியின் வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நீலம் மட்டும் நெளியும். அந்தப் புகையில் பன்னிரண்டு மணி நேரம் கிடந்த கறியின் சுவை டிரம்மிலும் வராது, பெட்டியிலும் வராது. இதில் நான் நடுநிலை வகிக்கப் போவதில்லை.

ஆனால் அந்த நெருப்பு பசிக்கிற குழந்தை மாதிரி. முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு கட்டை கேட்கும். ஒரு பிரிஸ்கெட்டுக்கு நான் எண்ணிப் பார்த்ததில் இருபதுக்கு மேல் கட்டை போயிருந்தது. தூக்கம் என்பது கிடையாது, நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் காப்பியும்தான். நெருப்புப் பெட்டிப் பக்கத்துக்கும் புகைபோக்கிப் பக்கத்துக்கும் என்னுடையதில் இருபது டிகிரி வித்தியாசம், அதனால் கறியை நடுவில் திருப்பி வைக்க வேண்டும். எனக்கு இது பிடிக்கும். வருடத்தில் நான்கைந்து இரவு அந்த நாற்காலியில் உட்காருவது எனக்கு விடுமுறை. மாதம் இரண்டு முறை உட்காரச் சொன்னால் ஓடிவிடுவேன்.

புகை விஷயத்தில் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பற்றவைக்கும் முதல் அரை மணி நேரம் வெள்ளைப் புகை தவிர்க்க முடியாதது. என் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், யாருக்கும் தொந்தரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் வேலிக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் இடையே பதினைந்து அடி. காலனிச் சங்கத்திடமிருந்து கடிதம் வர அதிக நாள் ஆகாது.

ரிவர்ஸ் ஃப்ளோ பற்றியும் கேட்டான். உருளைக்குள் வலைக்குக் கீழே நீள ஒரு தகடு வைத்து, புகையை அதன் அடியில் கடைசிவரை ஓட்டி, திருப்பிக் கறியின் மேலே கொண்டுவந்து, நெருப்புப் பெட்டிப் பக்கமே புகைபோக்கியை வைப்பது. சூடு இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், கொழுப்பும் தகட்டில் விழுந்து வழிந்து ஓடும். பதிலுக்குத் தகடு சூடேற நேரம் எடுக்கும், இழுவையும் சற்று மந்தம். அறுபது பேருக்கு ஒரே சீராக ஆக்க வேண்டும் என்றால் இதுதான். நாலு பேருக்கு இதன் பேச்சே வேண்டாம்.

பழைய குழாய் வாங்குவதில் டிரம்மை விடப் பொல்லாத ஒரு விஷயம் உண்டு. எண்ணெய்க் கிணற்றில் ஓடிய குழாய்களின் உட்சுவரில் சுண்ணாம்பு மாதிரி படியும் செதிலில் ரேடியம் இருக்கக்கூடும். நிலத்தடியிலிருந்து எண்ணெயோடு ஏறிவரும் தண்ணீர் கொண்டுவந்து சேர்ப்பது. அதனால்தான் பெரிய பழைய இரும்புக் கடைகளின் வாசலில் கதிர்வீச்சு அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். கிணற்றில் ஓடாத, மிச்சம் விழுந்த புதுக் குழாய்த் துண்டு என்று கேட்டு வாங்குவது நல்லது. பச்சையாக எபாக்ஸி பூசியதும் வேண்டாம்.

காப்பிட்ட பெட்டி

நண்பர் கராஜில் செய்தது இது. நிற்கும் அலமாரி மாதிரி இருக்கும். இரட்டைச் சுவர், இரண்டு மில்லிமீட்டர் தகடு, நடுவில் சூடு வெளியேறாமல் இருக்க இரண்டு அங்குலம் ராக்வுல், பாறையை உருக்கி இழுத்த பஞ்சு. பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கரிக்குழல். மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்டினால் அடிப்பாகத்தில் உள்ளது மட்டும் எரியும். எரிந்து சாம்பலாக, மேலுள்ளது தானாக இறங்கும். உள்ளங்கை அளவு விசிறி ஒன்று, கறிக்குப் பக்கத்தில் வைத்த வெப்பமானியைப் பார்த்துத் தானே ஓடி நிற்கும்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் கெட்டிக்காரத்தனமானது. ஆறு கிலோ கரியில் பதினாறு மணி நேரம் ஓடியது. வெளிச்சுவரில் கை வைக்கலாம். ஜனவரி வாடைக்காற்றில், மழையில், 115 என்றால் 115. ஐந்து தட்டு, ஆறு பிரிஸ்கெட் ஏறும். நண்பர் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார்.

செய்வதுதான் நரகம். மெல்லிய தகட்டில் நீளமாக வெல்டிங் இழுத்தால் அப்பளம் மாதிரி நெளியும். ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் அங்கே என்று தாவித் தாவிப் பிடிக்க வேண்டும். கதவு ஒட்டி மூட கண்ணாடி நார்க் கயிறு, இழுத்துப் பூட்டும் தாழ்ப்பாள், கரிக்குழலின் மூடிக்கு இன்னொன்று. எங்கே காற்றுக் கசிந்தாலும் நெருப்பு அந்த வழியாகக் குழலில் மேலே ஏறிவிடும். எங்களுக்குப் பதினோரு வாரக் கடைசி பிடித்தது. நடுவில் நண்பர் உட்சுவருக்கு மலிவாக ஜி.ஐ. தகடு பார்த்து வைத்தார், தடுத்துவிட்டேன். ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசியது, அந்தப் பூச்சு 420 டிகிரியில் உருகும். கரிக்குழலின் அடிப்பாகம் அதைச் சுலபமாகத் தாண்டும். வெல்டு வைக்கும்போது எழும் வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல். பழைய குப்பைத் தொட்டியை ஸ்மோக்கர் ஆக்குகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சுவை? நன்றாகத்தான் இருக்கும். ஈரம் போகாமல் மெத்தென்று வரும். மேல்தோல் மட்டும் ஆஃப்செட்டில் வருவது மாதிரி கருத்து மொறுமொறுக்காது. கறியில் புகை இருக்கும், நெருப்பு இருக்காது. மாதா மாதம் கோயில் அன்னதானம் மாதிரி ஐம்பது பேருக்கு ஆக்குகிற ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யலாம். நண்பர் அப்படிப்பட்டவர்தான், தமிழ்ச் சங்கத்துக்காரர்.

கடையில் வாங்கினால்?

டிரம் போலச் செய்தது ரெடிமேடாகக் கிடைக்கிறது, வாங்கலாம், தப்பில்லை. மலிவு ஆஃப்செட் மட்டும் வேண்டாம். பார்க்க ஆஃப்செட் மாதிரியே இருக்கும், தகடு டிரம் மாதிரி இருக்கும். சூடு தங்காது, கதவில் புகை ஒழுகும், இருபது நிமிடத்துக்கு ஒரு கட்டை கேட்கும். கண் விழிக்கிற பாடு முழுசாகக் கிடைக்கும், பலன் மட்டும் கிடைக்காது.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வீட்டு கேஸ் சிலிண்டரை வெட்டி ஸ்மோக்கர் செய்யும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. அந்தச் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நாம் கட்டியது வெறும் முன்பணம். காலியானது என்று நினைத்து வெட்டுகிற சிலிண்டரில் மிச்சமிருக்கும் வாயு உயிரை எடுக்கும். டிரம் கடை எந்த ஊரிலும் இருக்கும்போது அதைத் தொடவே வேண்டாம். கரிக்குச் சிரட்டைக்கரி அருமையாக நின்று எரியும். விறகுக்குச் சீமைக்கருவேலத்தை நினைப்பவர்கள் இருப்பார்கள். டெக்சஸ்காரர்கள் பெருமை பேசும் மெஸ்கீட் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான், சூடு பலமாக இருக்கும். ஆனால் நீண்ட நேரப் புகைக்கு அது கசக்கும், இங்குள்ளவர்களே அதை எரித்துக் கங்காக்கிய பிறகுதான் கறியை அதன் மேல் காட்டுவார்கள். ஆட்டுக்கறிக்கு இதெல்லாம் சரிவருமா என்று சந்தேகப்பட வேண்டாம். இங்கே பிரேடி என்ற ஊரில் ஒவ்வொரு வருடமும் தொழிலாளர் தின விடுமுறையில் ஆட்டுக்கறி பார்பிக்யூவுக்கென்றே போட்டி நடக்கிறது.

எந்த டிசைனாக இருந்தாலும் முதல் நாள் கறி வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் நன்றாக எரியவிட்டு, ஆறியபின் துடைத்து, உள்ளே சமையல் எண்ணெய் தடவி, 150 டிகிரியில் மூன்று மணி நேரம் புகையவிட வேண்டும். தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான். கடையில் கிடைக்கும் கடிகார முள் வெப்பமானியை நம்ப வேண்டாம், என்னுடையது இருபது டிகிரி பொய் சொன்னது. கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மழை வருகிறது என்று எரிகிற ஸ்மோக்கரைக் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளை முடித்துவிடும்.

நாலு பேர், இரண்டு சின்னப் பிள்ளைகள், திங்கட்கிழமை வேலை, பதினைந்து அடியில் பக்கத்து வீடு. இப்படி ஒரு ஆளுக்கு டிரம்மைத் தவிர வேறு எதைச் சொல்வது? ஆஃப்செட்டை நாற்பத்தைந்து வயதுக்கு வைத்துக்கொள் என்றேன். "அப்ப வெல்டிங் மெஷின்?" என்றான் ஏக்கமாக. டிரம்முக்கு ஒரு சக்கர வண்டி செய், அதற்கு அந்த மெஷின் தாராளமாகப் போதும் என்றேன். ஒருவழியாக ஒத்துக்கொண்டான்.

நேற்று வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கொல்லை நடுவில் டிரம், மூடி திறந்திருக்கிறது, டார்ச் அடித்து உள்ளே காட்டியிருக்கிறான். வழவழவென்று, நல்ல செம்மண் நிறம். கீழே எழுதியிருந்தான்: "சூப்பர் கண்டிஷன் மச்சான், உள்ளேயும் பெயின்ட் அடிச்சே குடுத்துட்டான்."

உடனே போன் போட்டேன்.